சிறுகதையில் ஊரை எவ்வளவு எழுதலாம்?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். ஆற்றில் தண்ணீர் வராமல் மதகடியில் காத்திருக்கும் அப்பா, வெளியூர் வேலைக்குக் கிளம்பும் மகன். இதை வைத்து 9 பக்கத்தில் ஒரு கதை எழுதினேன். முதல் இரண்டரைப் பக்கம் ஊர்தான்: நாணல், ஆகாயத்தாமரை, மூங்கில் கொல்லை, படித்துறை. அனுப்பிய பத்திரிகையில், கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது, ஊரைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த கதைகளை எடுத்துப் பார்த்தால் இடத்தைப் பற்றி நாலைந்து வரிதான் இருக்கிறது. ஏன் இவ்வளவு சிக்கனம்? பக்கக் கணக்கு மட்டும்தான் காரணமா?

திருவையாற்று டீச்சர்:
தம்பி, பக்கக் கணக்கும் உண்டு, ஆனால் அது சின்னக் காரணம். உங்கள் கதையில் வரும் அப்பா அந்த நாணலைப் பார்ப்பாரா? பிறந்ததிலிருந்து மிதித்த படித்துறை அவர் கண்ணிலேயே படாது. அன்றைக்கு வயிற்றைக் கலக்குவது எதுவோ அதுதான் படும். நீங்கள் எழுதியிருப்பது லீவுக்கு வந்தவர் பார்க்கிற ஊர்.

சம்பா நாற்றை 30, 35 நாளுக்குள் பறித்து நட்டாக வேண்டும். முற்றிவிட்டால் சரியாகத் தூர் கட்டாது. “நாத்துக்கு இன்னியோட 42 நாள்” என்று அவர் சொல்லட்டும். வறண்ட ஆறு, வெடித்த வயல், போட்ட காசு, தூங்காத ராத்திரி எல்லாம் அதற்குள் வந்துவிடும். நான் படிக்கிற கதைகளில் இந்த மாதிரி ஒரு வரிக்காகத்தான் காத்திருப்பேன்.

கடைமடை:
டீச்சர், நம் பக்கத்து ஆளுக்கு அது புரியும். வயலையே பார்க்காதவருக்கு? இன்னொன்றும் கேட்கிறேன். எனக்கு வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் கொல்லைத் தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதைக் கதையாக எழுதினால் ஊரை எப்படிச் சுருக்குவது? அடிபட்டதே ஊர்தானே?

திருவையாற்று டீச்சர்:
நியாயம்தான். முதல் கேள்விக்கு, தூர் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும் ஒரு மனுஷன் நாள் எண்ணுகிறான் என்பது யாருக்கும் புரியும். அப்புறம் உங்கள் கொல்லை. எத்தனை மரம் என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் என்ன மாறியது?

கடைமடை:
வெயில். அம்மா பாத்திரம் தேய்க்கிற இடத்தில் எப்போதும் தென்னை நிழல் இருக்கும். மழை விட்டு வெயில் வந்த அன்றைக்கு அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தேய்த்தார். இத்தனை வருஷத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

திருவையாற்று டீச்சர்:
இங்கேயே தொடங்குங்கள் தம்பி.

வெண்ணாற்றங்கரை:
நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். நாணல் போயிற்று, படித்துறையும் போயிற்று. ஆகாயத்தாமரையை மட்டும் எடுக்கவில்லை. மதகில் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. மகன் பஸ் ஏறப் போகிறேன் என்று சொல்லும்போது அப்பா அதைக் காலால் தள்ளிக்கொண்டே இருக்கிறார். இப்போது ஆறரைப் பக்கம்.