கேரியிங் கெப்பாசிட்டி: தாங்குதிறனா, தாங்குவரம்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சூழலியலின் ‘கேரியிங் கெப்பாசிட்டி’யைத் ‘தாங்குதிறன்’ என்றே எழுதிவருகிறோம். இரண்டு சிக்கல்கள். அடித்தள மண்ணின் ‘பேரிங் கெப்பாசிட்டி’க்கும் பொறியாளர்கள் இதையே சொல்கிறார்கள். ‘இந்நிலத்தின் தாங்குதிறன்’ என்றால் கட்டடத்தின் எடையா, மேயும் மாடுகளின் எண்ணிக்கையா? அடுத்து, இது திறனே அல்ல, ஓர் எண்: வளம் கெடாமல் ஓரிடத்தில் நீடித்து வாழக்கூடிய உயிர்களின் உச்ச எண்ணிக்கை. பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் தந்த மக்கள்தொகை வளர்ச்சிச் சமன்பாட்டிலும் அப்படித்தான். ‘தாங்களவு’ சரிவருமா? ‘கொள்ளளவு’ம் மனத்தில் உண்டு.

*

ஐயா,

> ‘தாங்களவு’ சரிவருமா?

புணர்ச்சியில் பிழையில்லை. ஆனால் படிப்பவர் கண்ணில் ‘தாங்கள்’தான் முதலில் படும்!

‘கொள்ளளவு’ கட்டாயம் வேண்டாம். அது இருப்பைச் சொல்லும் சொல். நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பது கணக்கில் வராது, ஆண்டுதோறும் எவ்வளவு ஊறுகிறது என்பதே வரும். ஆண்டு ஊறல் 3,65,000 கன மீட்டர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் 10,000 பேர். 200 லிட்டர் என்றால் 5,000 பேர்தான். கோடையில் ஆற்றுக்குக் கசியவேண்டிய பங்காக 40 விழுக்காட்டை ஒதுக்கினால் அதுவும் 3,000 ஆகிவிடும். இருப்பை வைத்துக் கணக்குப் போட்டால் சில ஆண்டுகள் எல்லாம் சரியாகவே தெரியும். பிறகு கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றும்.

ஆக, ‘கேரியிங் கெப்பாசிட்டி’ என்பது நுகர்வுக்கேற்ப ஏறி இறங்கும் மேல்மட்டம். ‘தாங்குவரம்பு’ என்கிறேன். வரம்பு உயரும், தாழும் என்று இயல்பாக எழுதலாம்.

*

‘தாங்குவரம்பு’ எனக்கும் உடன்பாடே. அப்படியானால், எண்ணிக்கை அந்த வரம்பைத் தாண்டிப்போவதைச் சொல்லும் ‘ஓவர்ஷூட்’டுக்கு என்ன? ‘வரம்புமீறல்’ வசவு போல ஒலிக்கிறது. ஒழுக்கக் குற்றம் சாட்டும் தொனி. ‘வரம்புகடப்பு’ என்று வைத்து ஒரு பத்தியில் ஓட்டிப் பார்த்தேன்:

‘அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 1944இல் 29 கலைமான்கள் விடப்பட்டன. 1963இல் அவை ஏறத்தாழ 6,000. குளிர்கால உணவான லைக்கன் (தரையிலும் பாறையிலும் படரும் பாசி போன்ற உயிர்) மொட்டையாக மேயப்பட்டிருந்தது; அடுத்து வந்த கடுங்குளிரில் மந்தை சரிந்தது. 1966இல் மிஞ்சியவை 42. வரம்புகடப்பின்போது தீவின் தாங்குவரம்பே தாழ்ந்துவிட்டது. லைக்கன் மிக மெதுவாகவே வளரும்.’

இடறவில்லை. மனிதரைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘இந்த நுகர்வு அளவில்’ என்ற அடை கட்டாயம் வேண்டும்; அது இல்லாத தாங்குவரம்பு வெற்று எண். ‘கடப்பு’ வேறு துறையில் முன்பே குடியேறியிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.