பினாங்கு ஜெலுத்தோங்கில் சாய்ந்த மரங்களின் இடத்தில் புன்னை நட உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் வீசிய புயற்காற்றில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் முன்சாலைக்கு நிழல் தந்த நான்கு அங்சானா மரங்கள் ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. மறுநாள் காலை அருகில் சென்று பார்த்தபோது, சாலைக்கும் கால்வாய்க்கும் இடையே விடப்பட்டிருந்த சிறிய சிமெண்டுக் கட்டத்துக்குள்ளேயே வேர்கள் சுருண்டு, அதே சதுர வடிவில் பெயர்ந்து கிடந்தன. ஒரு முழம்கூட அவை கீழே இறங்கியிருக்கவில்லை. 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயலையே தாங்கிய மரங்கள் என்பதால் மனம் இன்னும் ஆறவில்லை.

அங்கே குடியிருப்பாளர்களே பணம் திரட்டிப் புன்னைக் கன்றுகளை நட விரும்புகிறோம். மலாயில் பெனாகா லாவுட் எனப்படும் இம்மரத்தால்தான் ஜார்ஜ்டவுன் முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்ற பழைய பெயர் அமைந்தது. உப்புக்காற்றைத் தாங்கும் இது நம் நெய்தல் நிலத்து மரமும்கூட.

கன்றுகளின் விலையைவிட, குழியை அகலப்படுத்தி இறுகிய மண்ணை மாற்றுவதற்கே அதிகம் செலவாகும். அதில் சிக்கனம் பார்த்தால் புதிய மரங்களும் இப்படியே விழும். ஆகவே 10 ரிங்கிட் என்றாலும் தயங்காமல் தந்து உதவுங்கள். மாநகர் மன்றத்தின் அனுமதிக்கு மலாயில் விண்ணப்பம் எழுதக்கூடியவர்களும், மர வளர்ப்பில் அனுபவமுள்ளவர்களும் எங்களுக்கு மிகவும் தேவை. ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் மாலைதோறும் தண்ணீர் ஊற்ற அக்கம்பக்கத்தார் முன்வந்தால் பேருதவியாக இருக்கும். வரவு செலவு ரசீதுகளை இங்கேயே பதிவிடுவோம். உதவ விரும்புவோர் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.