தொட்டியில் வளரும் அரளி பூக்கவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

வணக்கம். நான் இருப்பது குளிர்காலத்தில் உறைபனி விழும் இடம். மூன்று வருடமாகப் பெரிய தொட்டியில் செவ்வரளி வளர்க்கிறேன். பனி தொடங்கும் முன் சூடில்லாத, ஆனால் நல்ல வெளிச்சம் வரும் அறைக்குள் இழுத்து வைத்துவிடுவேன். தண்ணீர் மாதம் இரண்டு முறைதான். வசந்தத்தில் வெளியே வைத்தால் இலை தளதளவென்று வருகிறது, பூ மட்டும் இல்லை.

சந்தேகம் என் கவாத்தின் மேல்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் எல்லாக் கிளையையும் பாதியாக வெட்டிவிடுகிறேன். முந்தைய வருடம் விரியாமல் நின்ற மொட்டுக் கொத்துகள்தான் மறு வருடம் முதலில் பூக்கும் என்று படித்ததும் பக்கென்றாகிவிட்டது. அப்படியானால் எப்போது, எவ்வளவு வெட்டுவது? இலையடியில் செதில் பூச்சி வேறு. சோப்புத் தண்ணீரில் துடைத்தாலும் திரும்ப வந்துவிடுகிறது.

இன்னொன்று. இலை, பூ, தண்டு, விதை எல்லாமே விஷம் என்று தெரியும். கையுறை போட்டுத்தான் வெட்டுகிறேன். புகையும் ஆபத்து என்பதால் எரிப்பதில்லை. வெட்டிய கிளைகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வீட்டில் குழந்தை இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறாள். பூக்காத செடிக்கு இத்தனை காவலா என்று மனைவி கேட்கிறார்.