நவம்பரில் வந்த மார்ச் மாதக் காய்ச்சல்

இங்கிலாந்தில் இருக்கிறோம். 2022 நவம்பர் கடைசி வாரம், மகனுக்கு அப்போது 5 வயது. முதல் நாள் தொண்டை வலி, மறுநாள் காய்ச்சல், அப்புறம் வயிற்றைத் தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று சிவப்புத் தடிப்பு. ஊரிலிருந்து வீடியோவில் பார்த்த அம்மா "அம்மை போட்டிருக்கு" என்றார். போனில் பேசிய டாக்டரோ, ஸ்கார்லெட் காய்ச்சல் (தொண்டை வலியோடு சிவப்புத் தடிப்பும் வரும் பாக்டீரியா காய்ச்சல்) பிப்ரவரி, மார்ச்சில்தான் ஏறும், இது ஏதோ வைரஸ் என்றார்.

நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது, ஆனால் இடது காலை ஊன்றவே மாட்டேன் என்று அழுதான். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, வலி மட்டும், அதுவும் தாங்க முடியாத வலி, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்து ராத்திரியே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் 'ஏ' ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்கார்லெட் காய்ச்சலை உண்டாக்கும் அதே பாக்டீரியா, எலும்பு வரை இறங்கியிருந்தது. 12 நாள் நரம்பு வழி மருந்து.

டிசம்பர் 2 அன்று இந்தக் கிருமி பற்றி நாடு முழுவதற்கும் எச்சரிக்கை வந்தது. பல மாதம் கழித்து வர வேண்டிய அலை முன்னாடியே வந்துவிட்டது. அடுத்து மகளுக்குத் தொண்டை வலி வந்தபோது அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்புக்காக நாலு மருந்துக்கடை ஏறி இறங்கினோம். அந்த வருடம் தீவிரமாகத் தாக்கியதில் முன்னால் நின்றது இந்தக் கிருமியின் எம்1 வகை, அதிலும் 2010க்குப் பிறகு இங்கிலாந்தில் பெருகிய ஒரு கிளை. பழைய எம்1-இலிருந்து 27 மரபணு எழுத்துகள்தான் வித்தியாசம், ஆனால் ஸ்கார்லெட் காய்ச்சலை உண்டாக்கும் நச்சைப் பல மடங்கு சுரக்கிறது.

பதில் 1: அக்கா, நான் டோக்கியோ பக்கம். அதே கிளை இங்கேயும் வந்துவிட்டது, டோக்கியோவைச் சுற்றிய கான்டோ பகுதியில்தான் அதிகம் பிடிபட்டது. ஜப்பானில் 2023 முழுக்க 941 பேருக்கு இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நச்சு அதிர்ச்சி (ரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகள் செயலிழக்கும் நிலை), 2024இல் ஜூன் 2க்குள்ளேயே 977. இங்கே குழந்தைகளைவிட 50 தாண்டியவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். என் அலுவலகப் பெரியவர் ஒருவருக்கு ஷூ கடித்த கொப்புளம்தான் ஆரம்பம். காலையில் கணுக்கால் வலி என்றவர் மாலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். உயிர் பிழைத்தார், பாதத்தில் பாதி போய்விட்டது.

பதில் 2: ஆஸ்திரேலியாவின் டார்வினில் நர்ஸாக இருக்கிறேன். இந்த வெப்ப மண்டலத்தில் ஒரே வகை கோலோச்சுவதில்லை, ஏகப்பட்ட வகைகள் கலந்தே சுற்றுகின்றன, தொண்டையைவிடத் தோல் புண்தான் பெரிய வாசல். சிரங்கும் சொறியும் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் முதலில் புண்களைத்தான் பார்ப்பேன். அக்கா, தம்பி இப்போது நன்றாக நடக்கிறானா?

ஓடுகிறான்மா. குளிர் நாளில் மட்டும் அந்தக் கால் வலிக்கிறது என்பான், உடனே தெர்மாமீட்டரைத் தேடுவேன்.