முனிச்சிலிருந்து சால்ஸ்பர்க்: ஒரே நாளில் போய்வர

ஒரே நாளில் போய்த் திரும்புவதாக இருந்தால் பயர்ன் டிக்கெட்தான் சரி. முனிச் இருக்கும் பவேரியா மாநிலம் முழுக்கச் செல்லும் நாள் டிக்கெட் அது. சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருந்தாலும், அந்த ஊர் மெயின் ஸ்டேஷன் வரை செல்லும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். ஆள் கூடக் கூட ஒருவருக்கு விழும் செலவு குறையும். எத்தனை பேர் என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், பிறகு ஆள் சேர்க்க முடியாது. மெஷினில் எடுத்தால் பெயர் எழுதும் இடம் காலியாக வரும். ஏறுவதற்கு முன் பேனாவால் எழுதிவிடுங்கள். பெயர் இல்லாத டிக்கெட் செல்லாது.

பலர் மாட்டிக்கொள்வது ஒன்பது மணியில்தான். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குத்தான் இது செல்லத் தொடங்கும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். எந்த நாளானாலும் மறுநாள் அதிகாலை 3 மணி வரை கணக்கு. வார நாளில் 8:55 வண்டியில் ஏறினால் அபராதம் நிச்சயம். ஹோட்டலிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் மெட்ரோவும் இதே டிக்கெட்டில் அடங்கும், ஆனால் அதற்கும் அதே 9 மணி விதிதான். முன்பே கிளம்பினால் அந்தத் தூரத்துக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

ரீஜனல் வண்டியில் (பல ஊர்களில் நின்று போகும் சாதாரண ரயில்) மட்டுமே ஏற வேண்டும். ஐசிஇ, இசி, ரெயில்ஜெட் போன்ற வேக வண்டி எதிலும் இந்த டிக்கெட் செல்லாது. ரீஜனலில் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வேக வண்டியில் மிச்சமாவது அரை மணி கூட இல்லை.

•

மேலே சொன்னதோடு பிளாட்பாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முனிச் மெயின் ஸ்டேஷனில் சால்ஸ்பர்க் ரீஜனல் வண்டிகள் பெரும்பாலும் 5 முதல் 10 வரையுள்ள பிளாட்பாரங்களிலிருந்து கிளம்பும். அவை பெரிய ஹாலுக்குள் இல்லை, தெற்குப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கின்றன. பெட்டியோடு நடக்க ஐந்தாறு நிமிடம் ஆகும். போர்டில் எண்ணைப் பார்த்ததும் நடக்கத் தொடங்கிவிடுங்கள். சீட் ரிசர்வேஷன் கிடையாது. வழியில் ஓஸ்ட்பான்ஹோஃபில் (முனிச்சின் கிழக்கு ஸ்டேஷன்) கூட்டம் ஏறும் என்பதால், உட்கார்ந்து போக வேண்டுமானால் மெயின் ஸ்டேஷனிலேயே ஏறுவது நல்லது. போகும்போது இடப்பக்க ஜன்னல் பிடியுங்கள். ப்ரீன் தாண்டியதும் கீம்சே ஏரி அந்தப் பக்கம்தான். மலை பார்க்க வலப்பக்கம்.

•

பாஸ்போர்ட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். இரண்டு நாடுமே ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய நாடுகளின் கூட்டு), அதனால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் சிங்கிள் என்ட்ரி விசா இருந்தாலும் போய்வரலாம், என்ட்ரி கழியாது. ஆனால் 2015 செப்டம்பரிலிருந்து ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி சோதனை நடத்துகிறது. திரும்பும்போது ஜெர்மனியின் எல்லை ஊரான ஃப்ரைலாசிங்கில் போலீஸ் ஏறிப் பார்ப்பதுண்டு. போனில் உள்ள படம் போதாது, அசல் கையில் இருக்க வேண்டும். சோதனை நடந்தால் வண்டி அங்கேயே நிற்கும், முனிச்சில் மாறவேண்டிய வண்டி தவறும். அன்றிரவே விமானம் என்றால் இந்தப் பயணத்தையே வேறு நாளுக்கு மாற்றுங்கள்; மற்ற நாட்களிலும் கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு இரண்டு வண்டி முன்னால் கிளம்புங்கள்.

ஒரு மாதம் தங்குபவர்களுக்கு, ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாத டிக்கெட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் சால்ஸ்பர்க் வரை செல்லும், 9 மணிக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் அது சந்தா. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.