யெல்லோ சப்மறின் பார்த்த நம்மட ஆக்கள் இருக்கிறீங்களா?

கல்லடிக்காரன்:
1968இல் வந்த கார்ட்டூன் படம். பீற்றில்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவின் பாட்டுக்காகத்தான் தேடிப் பிடித்தேன். பார்க்கத் தொடங்கியதும் பாட்டை விட்டுவிட்டு வரைந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆள் மாறி வரைந்ததோ என்று தோன்றும். 'எலினோர் ரிக்பி'க்கு லிவர்பூல் போட்டோக்களை வெட்டி ஒட்டிச் சாம்பல் நிறத்தில் விட்டிருக்கிறார்கள். அதிலுள்ள ஆட்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். 'லூசி இன் த ஸ்கை'யில் பழைய படங்களில் ஆடியவர்களின் உருவத்துக்கு மேலேயே வர்ணம் பூசியிருக்கிறார்கள். கோட்டுக்குள் அடங்காமல் நிறம் துடிக்கும்.

கதை நாலு வரிதான். பாட்டை வெறுக்கிற நீலப் பயல்கள் பெப்பர்லாந்து என்கிற ஊருக்குள் புகுந்து எல்லாரையும் உறையவைத்துவிடுகிறார்கள். மஞ்சள் நீர்மூழ்கியில் பீற்றில்ஸ் நாலு பேரும் போய்ப் பாடி மீட்கிறார்கள். கதை தேடுகிறவர்களுக்கு இது சரிவராது. நீங்க எங்கே, எப்படிப் பார்த்தீங்க? எழுதுங்க.

களுவாஞ்சிகுடி:
என்னுடையது கொஞ்சம் பகிடியான கதை. தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. கலியாண வீட்டுக்கோ சாமத்தியச் சடங்குக்கோ ஜெனரேற்றர் பிடித்தால், அன்று இரவு விடிய விடிய டெக்கில் படம் ஓடும். அப்படி ஓரிரவு, ரஜினி படம் ஒன்று முடிந்ததும், லண்டனில் இருந்து வந்தவர் கொண்டுவந்த இந்தக் கசற்றைப் போட்டார்கள். ரிவியோ கறுப்பு வெள்ளை. யோசித்துப் பாருங்க, இந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில்! நீலப் பயல்கள் பெப்பர்லாந்தின் நிறத்தையெல்லாம் பறிக்கிறார்கள் என்பதே எங்களுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு அது முதலே சாம்பல்தானே. பெரியாக்கள் "அடுத்த ரஜினியைப் போடுங்கடா" என்று சத்தம் போட, பாதியில் நிறுத்தியாச்சு.

ஆனால் அந்தக் கையுறை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. ஆளில்லாத தனிக் கை, விரலை நீட்டிக்கொண்டு பறந்து பறந்து துரத்தும். பல வருசம் கழித்துக் கொழும்பில் வேலை செய்யும்போதுதான் நிறத்தோடு பார்த்தேன். நீலப் பயல்கள் உண்மையிலேயே நீலம் என்று தெரிந்தது அன்றைக்குத்தான். பாட்டு அடங்கிப்போன ஊருக்குள் அவர்கள் பதுங்கிப் பதுங்கி நுழைகிற இடம் வந்தபோது, ஊரடங்குக் காலத்தில் கோயில் ஸ்பீக்கர் மூச்சுக் காட்டாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் அதை நினைத்து எடுத்திருக்கமாட்டான், எனக்கும் தெரியும். கடைசியில் நீலப் பயல்களின் தலைவனைக் கொல்லாமல், வா, நீயும் சேர்ந்துகொள் என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அக்கரைப்பற்று:
அரை மணித்தியாலத்தில் நித்திரை. கஞ்சா அடித்தவன் எடுத்த படம் என்று கூட்டாளி சொன்னான், நானும் ஓம் என்றேன். பாட்டு மட்டும் நல்லம்.

வந்தாறுமூலை, சித்திரம் படிப்பிக்கிறவன்:
மீன் பாடுகிற மட்டக்களப்பு நாட்டுப் பக்கம் இருந்துகொண்டு, கடலுக்கடியில் பாட்டுக் கேட்கிற படத்துக்கு நித்திரை கொண்டால் எப்படி மச்சான்?

கஞ்சாக் கதையை நான் ஏற்கமாட்டேன். இயக்கியவர் ஜோர்ஜ் டன்னிங். உருவங்களை வடிவமைத்தவர் ஹைன்ஸ் ஏடல்மன் என்ற ஜெர்மன்காரர். சுமார் 200 பேர், ஏறக்குறைய 11 மாதம் வேலை செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் கையால் வரைந்தது. ஒன்றரை மணித்தியாலப் படத்தைத் தலை சுற்றிக்கொண்டு வரைந்து முடிக்க ஏலாது. பீற்றில்ஸ்காரர்களுக்கு இதில் பெரிய வேலையே இல்லை. அவர்களுக்குக் குரல் கொடுத்ததும் வேறு நடிகர்கள். அவர்கள் நேரில் வருவது கடைசியில் கொஞ்ச நேரம்தான்.

நான் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுவது ஒரே ஓரிடம். குழாய் மூக்கோடு ஒரு பிராணி வரும். கடலில் கண்டதையெல்லாம் உறிஞ்சும். மற்றப் பிராணிகள் முடிந்ததும் பின்னாலுள்ள காட்சியையே ஓரத்தில் பிடித்து இழுத்து உறிஞ்சிவிடும். திரை வெறுமையாகிவிடும். அப்புறம் தன் வாலையே பிடித்து, தன்னையும் உறிஞ்சிக்கொண்டு காணாமல் போய்விடும். இவ்வளவு நேரம் நீ கடல் என்று நம்பியது வெறும் தாள்தான் என்று வரைந்தவன் நம் முகத்துக்கு நேரே சொல்கிறான். அதற்குப் பிறகும் நாம் நம்பிக்கொண்டே பார்க்கிறோம். எனக்கு இந்தப் படத்தின் கவர்ச்சியே அதுதான். பாட்டெல்லாம் அதற்குப் பிறகு.

ஆரையம்பதி அம்மா:
எனக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. பள்ளிக்கூட விடுமுறையில் சின்னவளுக்குப் போட்டுக் கொடுத்தேன். ஆங்கிலம் அரைகுறை, ஆனாலும் எழும்பவே இல்லை. ஓட்டைக் கடல் என்று ஒன்று வருகிறதல்லவா, அதில் பீற்றில்ஸ்காரர் ரிங்கோ ஒரு ஓட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். மறுகா கண்ணாடிக் குமிழுக்குள் அடைபட்ட வாத்தியக்காரரை வெளியே எடுக்க அதே ஓட்டைதான் உதவும். அடுத்த நாள் பார்த்தால் கறுப்புத் தாளை வட்டம் வட்டமாக வெட்டி நிலம், சுவர், பிரிஜ் எல்லாவற்றிலும் ஒட்டிவைத்திருக்கிறாள். "அம்மா, பார்த்து வாங்க, விழுந்துடுவீங்க" என்கிறாள். வீடு கூட்டும்போது நானும் சுற்றித்தான் போனேன்.

கல்லடிக்காரன்:
அக்கா, அதுதான் சரியான விமர்சனம். தேடுகிறவர்களுக்கு ஒன்று: அந்தக் காலத்து அமெரிக்கப் பிரதியில் 'ஹே புல்டாக்' பாட்டை வெட்டிவிட்டார்கள், 1999இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். 2012இல் ஒவ்வொரு சட்டகமாகக் கையாலேயே துடைத்துப் புதுப்பித்தார்கள், 2018இல், படத்தின் 50 வருசத்துக்கு, அதைத் திரும்பத் தியேட்டரில் வெளியிட்டார்கள். நிறத்துக்காக அதையே பாருங்க. என்னிடம் டிவிடி இருக்கிறது. அக்கரைப்பற்று மச்சான் வந்தால் முதலில் அவருக்குத்தான், தேத்தண்ணி குடித்துவிட்டு உட்காரணும். திருப்பித் தரவும் வேணும்.