மறு: நச்சுமுறி நுண்ணுயிரி – ‘கொல்லி’ வேண்டாம், ‘உண்ணி’யும் வேண்டாம்

அன்புடையீர், வணக்கம்.

இரண்டு நாள் மடல்களைச் சேர்த்துப் படித்துவிட்டு எழுதுகிறேன். நோய்க்கிருமி சுரக்கும் நச்சைச் செயலிழக்கச் செய்து பயிரைக் காக்கும் பாக்டீரியாவுக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். நச்சுக்கொல்லி, நச்சுண்ணி, நச்சுநீக்கி, நச்சுச்சிதைப்பான், நன்னுண்ணுயிரி என்று ஐந்து வந்துவிட்டன. அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் பொருளைச் சரியாகச் சொல்லாமல் சொல் கேட்டது என் தவறு என்று இப்போது தெரிகிறது. அதை முதலில் சரிசெய்துவிடுகிறேன்.

கரும்பில் ஒரு நோய் உண்டு. இலையில் நீளவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் விழும், பிறகு இலை கருகும். சாந்தோமோனாஸ் ஆல்பிலினியன்ஸ் என்ற பாக்டீரியா இதற்குக் காரணம். அது ஆல்பிசிடின் என்ற நச்சைச் சுரக்கிறது. இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பான பசுங்கணிகம் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க உதவும் நொதியை அந்த நச்சு முடக்கிவிடுவதால் பச்சையம் உருவாவதில்லை. அந்த வெள்ளைக் கோடு இப்படித்தான் வருகிறது. பான்டோயா டிஸ்பெர்சா என்ற வேறொரு பாக்டீரியாவிடம் ஆல்பிசிடினை வெட்டிப்போடும் நொதி இருக்கிறது. அந்த நொதிக்கான மரபணுவைக் கரும்பிலேயே புகுத்தியபோது கரும்பு நோயைத் தாங்கி நின்றது. 1999-இல் வெளியான ஆய்வு அது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த நொதி நோய்க்கிருமியைத் தொடுவதே இல்லை. கிருமியின் கையிலிருக்கும் ஆயுதத்தை மட்டும் மழுக்குகிறது. சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் பூஞ்சையை எதிர்க்கும் வேதிப்பொருளைச் சுரந்து பூஞ்சையையே அடக்குவது வேறு வேலை. அதற்கு ‘உயிரியல் கட்டுப்பாடு’ என்ற பொதுச்சொல் ஏற்கெனவே இருக்கிறது. நமக்கு வேண்டியது இந்தக் குறிப்பிட்ட வேலைக்கான சொல்.

> ‘நச்சுக்கொல்லி’ எளிமையாக இருக்கிறது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வரிசையில் உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்துவிடும், அதுதான் ஐயா சிக்கல். அந்த வரிசையில் இருப்பவை எல்லாம் உயிருள்ளதைக் கொல்பவை. நச்சு ஒரு வேதிப்பொருள், அதற்கு உயிர் இல்லை. போதாக்குறைக்கு, புட்டியில் அடைத்துத் தெளிக்கும் மருந்து என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும்.

> நச்சை உணவாகத் தின்று தீர்ப்பதால் ‘நச்சுண்ணி’.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு நாள் முழுக்க இதிலேயே மயங்கிக் கிடந்தேன். ஆனால் ‘உண்ணி’ என்றதும் மாட்டின் காதில் ஒட்டியிருப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும், அடுத்து ஒட்டுண்ணி. காக்கும் உயிருக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அதோடு எல்லாப் பாக்டீரியாவும் நச்சைத் தின்பதும் இல்லை. சில அதை வெட்டுகின்றன, சில உருமாற்றி விட்டுவிடுகின்றன.

‘நச்சுநீக்கி’ ஏற்கெனவே வேறு பல இடங்களில் புழங்குகிறது, கழுவி அகற்றுவதற்கும் அதுவே சொல். விட்டுவிடலாம்.

‘நன்னுண்ணுயிரி’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நன்மை என்பதைப் பெயருக்குள் வைத்தால் பின்னால் மாட்டிக்கொள்வோம். பர்க்ஹோல்டேரியா செபேசியா என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். 1950-இல் அதை முதன்முதலில் விவரித்தபோது வெங்காயத்தை அழுக வைக்கும் கிருமி என்றுதான் எழுதினார்கள். பிற்பாடு அதே கூட்டத்தைச் சேர்ந்த சில வகைகள் வேர்நோய்களிலிருந்து பயிரைக் காக்கின்றன என்று தெரிந்தது. அதற்கும் பிறகு, நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கூட்டம் உயிருக்கே ஆபத்து என்பது தெரிந்தது. இதை நல்லது என்பதா, கெட்டது என்பதா? வேலையைப் பெயராக வைத்தால் இந்த வழக்கே வராது.

மிஞ்சியது ‘நச்சுச்சிதைப்பான்’. ஆல்பிசிடினுக்கு இது பொருந்தும். கோதுமைக் கதிரைத் தாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கு வந்தால் பொருந்தாது. அது சுரக்கும் டிஆக்சிநிவலெனால் என்ற நச்சை மண்ணில் வாழும் டெவோசியா இனத்துப் பாக்டீரியா ஒன்று செயலிழக்கச் செய்கிறது. எப்படி? மூலக்கூறை உடைப்பதில்லை. மூன்றாவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த கூட்டு) எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதை மறுபக்கம் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். அணு ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் நச்சுத்தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இதைச் சிதைத்தல் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே என் பரிந்துரை நச்சுமுறி நுண்ணுயிரி.

முறித்தல் என்றால் உடைத்தல் என்பது ஒரு பொருள். கிளையை முறிக்கிறோம். ஆனால் பித்தத்தை முறிக்கும் என்றும், விஷத்தை முறிக்கும் வேர் என்றும் சொல்கிறோமே, அங்கே உடைவது வீரியம். சோம்பல் முறிக்கும்போது எதுவுமே உடைவதில்லை (என் வயதில் இதை உறுதியாகச் சொல்ல முடியாது). பான்டோயா செய்வது முதல் வகை முறிப்பு, டெவோசியா செய்வது இரண்டாம் வகை. இரண்டுக்கும் ஒரே வினை தமிழில் தயாராக இருக்கும்போது புதிதாக எதற்கு உருவாக்க வேண்டும்?

> ‘நச்சு’ தனிச்சொல் அன்று. ‘நஞ்சு’ என்பதே பெயர். கலைச்சொல்லில் இந்தப் பிழை வேண்டாம்.

இலக்கணம் சரிதான் அம்மா. இரும்பு பாதையோடு சேரும்போது இருப்புப்பாதை ஆவதைப் போல, நஞ்சு வேறொரு சொல்லோடு சேரும்போதுதான் நச்சு ஆகிறது. இங்கே ‘முறி’யோடு சேர்ந்துதானே நிற்கிறது, அதனால் பிழை இல்லை. தனியாக ‘நச்சு’ என்று எழுதுவதைப் பற்றி வேறு இழையில் சண்டை போடலாம், நான் உங்கள் பக்கம் இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

> நச்சுமுறி என்றால் முறிமருந்து ஆகிவிடாதா?

தனியாக நின்றால் ஆகும். ‘நுண்ணுயிரி’ சேர்ந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ‘நச்சுமுறியுயிரி’ என்று சுருக்கலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். வேகமாகச் சொல்லும்போது நச்சுயிரி, அதாவது வைரஸ், என்று காதில் விழும். ‘நுண்ணுயிரி’யை நீக்கிவிட்டு ‘பாக்டீரியா’ என்று வைப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. சியராலெனோன் என்ற நச்சின் வளையத்தை வெட்டித் திறக்கும் குளோனோஸ்டாக்கிஸ் ரோசியா ஒரு பூஞ்சை. அதையும் உள்ளே விடும் சொல்தான் வேண்டும். பாக்டீரியாவை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் ‘நச்சுமுறி பாக்டீரியா’ என்று எழுதிக்கொள்ளலாம், தடையில்லை.

சொல் கிளைவிடுகிறதா என்றும் பார்த்தேன். நச்சுமுறிப்பு, நச்சுமுறி நொதி, நச்சுமுறி மரபணு, எல்லாம் இயல்பாக வருகின்றன. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் வேதிச் சமிக்ஞையைச் சில பாசில்லஸ் வகைகளின் நொதி வெட்டிவிடுகிறது. அந்தச் சமிக்ஞை கிடைக்காத அழுகல் கிருமி தாக்குதலைத் தொடங்குவதில்லை. அது நச்சு அல்ல என்பதால் இந்தச் சொல்லுக்குள் வராது, ஆனால் ‘சமிக்ஞைமுறி’ என்று பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கே தயக்கம். கிளெப்சியெல்லா ஆக்சிடோகா என்ற பாக்டீரியாவின் புரதம் ஒன்று ஆல்பிசிடினை வெட்டுவதில்லை, திருப்புவதும் இல்லை. இறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடி தளர்ந்தால் நச்சு பழையபடி நச்சுதான். இதை முறிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘நச்சுப்பிடிப்பு’ என்று தனியாக வைக்கலாமா? வேதியியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘பிணைப்பு’ என்று வைத்தால் வேதிப்பிணைப்போடு குழம்பும் என்பதால்தான் ‘பிடிப்பு’ என்றேன்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். அன்று சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘நச்சுமுறி’ சேர்த்தே எழுத வேண்டும், இடையில் கோடோ இடைவெளியோ வேண்டாம்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்